பெரியகுளம், போடி அடிவாரத்தில் ஒரு நாள் நடை: எந்தப் பாதை?

வராகநதி, 9 ஆகஸ்ட் 2025

நாங்கள் தேனிக்கு மாற்றலாகி வந்த நான்கு பேர். 26 வயதிலிருந்து 44 வரை. மலை ஏறிப் பழக்கமில்லை, ஆனால் தினமும் நடப்பவர்கள். கும்பக்கரையில் தொடங்கி வெள்ளகவி வழியாக வட்டக்கானல் ஏறி, கொடைக்கானலில் பஸ் பிடித்து இறங்கலாம் என்று திட்டம். ஒரு காணொளியில் நான்கு மணி நேரம் என்கிறார்கள். சரியா? இதைவிட நல்ல பாதை பக்கத்தில் உண்டா?

ஒற்றையடி, 9 ஆகஸ்ட்

நான்கு மணி நேரம் என்று சொன்னவர் மேலிருந்து கீழே வந்திருப்பார். காணொளியில் யாருக்காவது மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

கும்பக்கரை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் அளவில் இருக்கிறது. வட்டக்கானல் 2,000 மீட்டரை ஒட்டி. ஆக ஏற்றம் மட்டும் 1,600 மீட்டர். இதற்கு 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: சமதளத் தூரத்துக்கு மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். வரைபடத்தில் நூல் வைத்து அளந்து 12 கி.மீ. வருகிறது என்று வையுங்கள். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி 40 நிமிடம். ஐந்து மணி நேரம் ஆயிற்று. உட்காராமல், தண்ணீர் குடிக்க நிற்காமல், வழி தவறாமல்.

முதல் நடைக்கு இது வேண்டாம்.

ஒற்றையடி, 9 ஆகஸ்ட், இரவு

விட்டுப்போனது. தூரமும் உயரமும் பார்ப்பதற்கு முன்னால் அனுமதியைப் பாருங்கள். அந்தச் சரிவு காப்புக்காடு. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பாதை கண்ணுக்குத் தெரிகிறது, ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள் என்பதற்காக வெளியூர் ஆளுக்கு உரிமை வந்துவிடாது. 2018 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். நம் பக்கத்தில் வட்டக்கானல்–வெள்ளகவி, குரங்கணி–சாம்பலாறு, சின்னச் சுருளி–தென்பழனி அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத பாதை என்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். கும்பக்கரைக்குத் தேவதானப்பட்டி சரகம். "செக்போஸ்டில் சொல்லிக்கலாம்" என்பது அனுமதி ஆகாது.

கூப்புரோடு, 10 ஆகஸ்ட்

அண்ணே, கணக்கு எல்லாம் சரி. ஸ்காட்லாந்துக்காரனுக்கு நம்ம ஊர் வெயில் தெரியுமா?

ஒற்றையடி, 10 ஆகஸ்ட்

தெரியாது. நேற்று போட்ட ஐந்து மணியைத் திருத்துகிறேன்.

அந்தப் பாதையின் கீழ்ப்பாதி தெற்குப் பார்த்த சரிவு. முட்புதர், உண்ணிச்செடி, நடுநடுவே மொட்டைப்பாறை. நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்கே பாறை சூடாகிவிடும். இந்த அடிவாரத்துக்கு நைஸ்மித் கணக்கை ஒன்றரையால் பெருக்குங்கள்: ஏழரை மணி. ஓய்வுக்கு ஒரு மணி. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மேலே சேரப் பிற்பகல் இரண்டரை. எவருக்காவது கணுக்கால் பிசகினால் இருட்டு.

தண்ணீரும் அப்படித்தான். "ஆளுக்கு ரெண்டு லிட்டர்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது ஊட்டிக்கு. இந்தச் சரிவில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாது. எட்டரை மணி நேரத்துக்கு நான்கு லிட்டருக்கு மேல். நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ. அந்தப் பாரம் தோளில் ஏறியதும் நடை இன்னும் குறையும். இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும் கணக்கு இது. ஓடைத் தண்ணீரை நம்பினால் மேலே ஊரும் மாடும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; குளோரின் மாத்திரை போட்டு அரை மணி வைக்காமல் குடிக்காதீர்கள்.

வராகநதி, 12 ஆகஸ்ட்

சரி, அது வேண்டாம். அப்படியானால் மேலிருந்து இறங்கலாமா? இறக்கம் சுலபம்தானே.

ஒற்றையடி, 12 ஆகஸ்ட்

இல்லை.

ஒற்றையடி, 13 ஆகஸ்ட்

நேற்று வேலை நடுவே ஒற்றைச் சொல்லில் முடித்தேன், காரணம் இதோ.

ஏறும்போது களைப்பது நெஞ்சு. நின்றால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும். இறங்கும்போது அடி வாங்குவது முட்டி, தொடையின் முன்சதை, கால் கட்டைவிரல் நகம். நின்றாலும் அது திரும்பாது. 1,600 மீட்டர் இறக்கத்தில் மூன்றாவது மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வைக்கிற அடி உங்கள் கையில் இல்லை. விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் விழுகிறார்கள், அதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில், கீழே ஊர் தெரிய ஆரம்பித்த பிறகு.

இன்னொன்று: மேலிருந்து இறங்குகிறவர் பாதியில் "முடியாது" என்றால் மறுபடி ஏறத்தான் வேண்டும். கீழிருந்து ஏறுகிறவர் முடியாது என்றால் இறங்கினால் வீடு. பழக்கமில்லாத கூட்டத்துக்கு ஏறித் திரும்பும் பாதைதான் சரி. ஒரு வழியாகப் போய் மறுபக்கம் இறங்குவதெல்லாம் அப்புறம்.

பாதையை உச்சியில் என்ன தெரியும் என்று பார்த்து எடுக்காதீர்கள். எந்த இடத்தில் நின்றாலும் வந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

கூப்புரோடு, 13 ஆகஸ்ட்

பழைய காலத்தில் துரைமார் எல்லாம் இந்த வழியாகத்தான் கொடைக்குப் போனார்கள். கொடைக்கு வண்டி போகும் லாஸ் காட் ரோடு வரும்வரை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்கி மேலே. அவர்கள் முட்டி தாங்கியதே!

ஒற்றையடி, 13 ஆகஸ்ட்

அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள் தம்பி. முட்டி தூக்கியவர்களுடையது.

ஒற்றையடி, 17 ஆகஸ்ட்

மாதம் பார்க்கும் விஷயம். தேனி மாவட்டத்தில் இரண்டு சரிவுக்கும் பருவம் வேறு. இது தெரியாமல்தான் நிறையப் பேர் தவறான மாதத்தில் சரியான பாதைக்குப் போகிறார்கள்.

போடி–குரங்கணிப் பக்கம்: ஜூன் முதல் ஆகஸ்டு வரை அடிவாரம் காய்ந்து கிடக்கும், ஆடிக்காற்று புழுதி கிளப்பும். ஆனால் மேலே டாப் ஸ்டேஷன் முகடு கேரள மழையின் ஓரத்தில் இருக்கிறது. குரங்கணியில் வேர்வையோடு கிளம்பி, நடுவழியில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேலே பனிமூட்டத்திலும் தூறலிலும் நனைந்து நடுங்குவது இந்த மாதங்களில்தான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் குறைவது அதைவிட அதிகமாகத் தெரியும். அட்டையும் அங்கேதான்.

பெரியகுளம் பக்கம், அதாவது பழனிமலையின் தெற்குச் சரிவு: இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொடைக்கானலில் பெய்த மழை கும்பக்கரையில் இறங்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ எண்ணிக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள். கல்லாற்றைத் தாண்டிப் போகும் சின்னூர், பெரியூர்ப் பாதைகளும் அப்படி: காலையில் முழங்கால் அளவு தண்ணீரில் தாண்டிப் போனவர் சாயங்காலம் அக்கரையிலேயே இருக்க வேண்டியதுதான்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நல்ல காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய. ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும். பிப்ரவரி நடுவில் புல் காய்ந்துவிடும். தீக்காலம் என்று வனத்துறை மூடிவிடுவார்கள். இந்த வருடம்கூடப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள்.

வராகநதி, 17 ஆகஸ்ட்

தீ என்றதும் கேட்கிறேன். 2018இல் என்ன தவறு நடந்தது? குரங்கணி என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஒற்றையடி, 18 ஆகஸ்ட்

2018 மார்ச் 11. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே, காய்ந்த புல் சரிவில், பிற்பகல். 23 உயிர். யார் தவறு என்று இங்கே பேச வேண்டாம். நடப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சுவாலை தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு கூடக்கூட வேகமும் கூடும். ஏறி ஓடும் மனிதனை அது பிடித்துவிடும். பள்ளமான ஓடைத்தடம் புகைக்கூண்டு மாதிரி. காய்ந்த ஓடைக்குள் புகுவது ஒளிவது ஆகாது. போக வேண்டியது பக்கவாட்டில்: மொட்டைப்பாறை, ஏற்கெனவே கருகின தரை, தண்ணீர் உள்ள இடம், வனத்துறை செதுக்கி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடு. நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும். காய்ந்த மாதத்தில் பருத்திச் சட்டை.

ஆனால் இவை எல்லாம் கடைசி வழி. மார்ச்சில் இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் இல்லாமல் இருப்பதுதான் வழி. வீட்டில் பயப்படுவது நியாயம். அந்தப் பயத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஜனவரிப் புல் வேறு.

கூப்புரோடு, 21 ஆகஸ்ட்

பேச்சை மாத்துவோம். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர் இருக்கே, ரயிலே காணோமே என்று தேடாதீர்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைக்காகக் குட்டி ரயில் ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் குரங்கணிப் பக்கம் இறங்கின, அப்புறம் போடி. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை போயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

ஒற்றையடி, 21 ஆகஸ்ட்

அந்தச் சரிவைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு: முகடு மேற்கே இருக்கிறது. டிசம்பரில் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டி என்று நாட்காட்டி சொல்லும். குரங்கணிச் சரிவில் வெளிச்சம் அதற்கு ரொம்ப முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். மரத்தடியில் இன்னும் சீக்கிரம். அங்கே நாட்காட்டி நேரத்தில் ஒரு மணி கழித்துத் திட்டம் போடுங்கள். தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சத்தில் இறங்கினால் ஒரு கை போய்விடும். அந்தக் கை ஊன்றுவதற்கு வேண்டும்.

வராகநதி, 24 ஆகஸ்ட்

வரைபடம் பற்றி. கூகுள் மேப்பில் வெள்ளகவிக்கு ஒரு கோடு காட்டுகிறது, ஆனால் மேடு பள்ளம் தெரியவில்லை.

ஒற்றையடி, 24 ஆகஸ்ட்

கூகுள் தெருவில் டீக்கடை தேட. மலைக்கு இரண்டு வேண்டும். ஒன்று, சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள். இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஓஸ்மாண்ட் மாதிரி ஒரு செயலி, அந்தப் பகுதியை முன்கூட்டியே போனில் இறக்கி. விமானப் பயன்முறையில் போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சிக்னல் தேடித் தேடித்தான் மின்கலம் காலியாகிறது.

தாளைப் படிக்கும் விதம்: 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். பழுப்புச் சமஉயரக் கோடு ஒன்றுக்கொன்று 20 மீட்டர். பாதை கோடுகளைக் குறுக்கே வெட்டும் இடத்தில் 1 செ.மீ.க்குள் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் 500 மீட்டரில் 100 மீட்டர் ஏற்றம். பேசிக்கொண்டே ஏறலாம், வெயில் இல்லாவிட்டால். எட்டுக்கு மேல் பேச்சு நிற்கும். பத்தைத் தாண்டினால் கையும் ஊன்ற வேண்டிவரும். முதல் நடைக்கு அது கூடாது. கோடுகள் முனை வைத்து வளையும் இடத்தில், முனை உயரத்தைப் பார்த்தால் ஓடை, தாழ்வைப் பார்த்தால் முகடு. முகட்டில் போகும் பாதையில் வழி தவறுவது கடினம், தண்ணீர் கிடைப்பதும் கடினம்.

செயலியில் புள்ளிக்கோடு இருந்தால் பாதை என்று அர்த்தமில்லை. தீத்தடுப்புக் கோடாக இருக்கும், எஸ்டேட் கேட்டில் போய் முட்டும், அல்லது முப்பது வருடம் முன்னால் மரம் இழுத்த கூப்பு ரோடாக இருந்து இன்று உண்ணிச்செடி மூடியிருக்கும். (பெயரைச் சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம்.)

மாட்டுத்தடமும் ஆள்தடமும் குழப்பும். மாடு சரிவைக் குறுக்காகச் சுற்றிச் சுற்றிப் போகும், பல கிளையாகப் பிரியும், புதருக்கு அடியில் நுழைந்துவிடும். ஆள்தடம் ஒன்றாக இருக்கும், தலை உயரத்தில் கிளை வெட்டியிருக்கும், சரிவு கூடும் இடத்தில் கல் அடுக்கியிருக்கும். குதிரைச் சுமை போகும் பாதையில் சாணமும் லாடத் தேய்வும் இருக்கும். குனிந்து போக வேண்டி வந்தால் நீங்கள் மாட்டுத்தடத்தில் இருக்கிறீர்கள்.

கூப்புரோடு, 25 ஆகஸ்ட்

வழி தப்பினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள்.

ஒற்றையடி, 25 ஆகஸ்ட்

எழுதுகிறேன், செய்யக் கூடாதவை வரிசையில். இந்த மலையில் ஓடை நடந்து இறங்காது, குதித்து இறங்கும். தலையாறு எலிவால் அருவியாக விழுவது 297 மீட்டர். கும்பக்கரையே பாறைக் குழிகள்தான். ஓடையில் இறங்குகிறவர் ஒரு பாறையில் சறுக்கி அடுத்த தட்டுக்கு வருவார். அதற்குக் கீழே இறங்க முடியாது, சறுக்கிய பாறையில் ஏறவும் முடியாது. வழி தப்பியது தெரிந்ததும் நில்லுங்கள், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அதுவும் தெரியாவிட்டால் திறந்த பாறையில் ஏறி அவசர எண் 112ஐக் கூப்பிடுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் எட்டுகிறதோ அதில் போகும்.

ஒற்றையடி, 31 ஆகஸ்ட்

செருப்பா ஷூவா என்று தனிமடலில் மூன்று பேர். மொத்தமாக:

மலைக்காரர்கள் ரப்பர் செருப்பில் மூட்டையோடு இறங்குகிறார்கள் என்பது உண்மை. அது அந்தப் பாதத்துக்கு. பழகாத காலுக்கு அடிப்பள்ளம் ஆழமான ஷூ. நின்றபடி கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கருக்கும். நகத்தை இரண்டு நாள் முன்னால் வெட்டுங்கள். அன்று காலையில் வெட்டினால் ஓரம் குத்தும். இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

வெள்ளகவிக்கு எப்போதாவது போனால்: ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊரே கோயில் மாதிரி, ஊர்க்காரர்கள் உள்ளே வெறுங்காலில்தான் நடக்கிறார்கள். விருந்தாளிக்கும் அதே முறை. ஷூவுக்குள் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக இருந்தால் திரும்பப் போடும்போது கல் நறநறக்காது.

வராகநதி, 2 செப்டம்பர்

பாம்பு, அட்டை, யானை?

ஒற்றையடி, 3 செப்டம்பர்

அட்டையால் ஒன்றும் ஆகாது. உப்போ மூக்குப்பொடியோ வைத்தால் விழும். நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பியும் எடுக்கலாம். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. புதர்ச் செடியில் இருக்கும் சிறு பூச்சிக் கடியால் வரும் உண்ணிக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கருப்பு வடு. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இன்னும் தள்ளிக் காய்ச்சலும் தலைவலியும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். மருத்துவரிடம் "காட்டுக்குள் நடந்தேன்" என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் வேளையோடு கொடுத்தால் அடங்கும். புல்லில் நேராக உட்காராதீர்கள், முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீடு வந்ததும் துணியை வெந்நீரில்.

பாம்பு கடித்தால்: ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசு, கைக்கடிகாரம் கழற்றுங்கள். கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டித் தூக்கி இறக்குங்கள். 108. பெரியகுளம் அரசு மருத்துவமனை, இல்லாவிட்டால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டிய அவசியமில்லை; அந்த நேரத்தில் இரண்டாவது ஆள் கடிபடுவார்.

யானை: கும்பக்கரையையே சில சமயம் யானை நடமாட்டம் என்று மூடுவார்கள். மூடினால் திரும்பி வாருங்கள். மாம்பழக் காலத்தில் அடிவாரத் தோப்புகளுக்கு இரவில் காட்டு விலங்கு வரும், அதனாலேயே சில தோப்புகளில் மின்வேலி. மாலையில் குறுக்கு வழி என்று தோப்புக்குள் நுழையாதீர்கள். மேலே காட்டுமாடு ஒற்றையாக நின்றால் அதற்கு வழி விட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள். படம் எடுக்க முன்னால் போகாதீர்கள். கரடி பொழுது விடியும் முன்னும் சாய்ந்த பின்னும் இறங்கும், அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடங்கள். பாட்டுப்பெட்டி வேண்டாம்.

கூப்புரோடு, 3 செப்டம்பர்

புளிச்சோறா தயிர்ச்சோறா?

ஒற்றையடி, 3 செப்டம்பர்

புளிச்சோறு. தயிர்ச்சோறு பதினொரு மணிக்குப் புளித்துவிடும். கூடவே கடலைமிட்டாய், ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கும்பக்கரையில் நெகிழிப் பையைக் கையில் பிடித்து நடந்தால் சோறு குரங்குக்கு.

ஒற்றையடி, 7 செப்டம்பர்

முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இப்போது: கைலாசப்பட்டி கைலாசநாதர் மலை. சிறியது, வழி தெளிவு, கோயில் நேரத்தில் ஆள் நடமாட்டம். அதை முதுகில் ஐந்து கிலோ பையோடு தொடர்ந்து மூன்று முறை ஏறி இறங்கி, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வையுங்கள். ஏற்ற நேரம் தனி, இறக்க நேரம் தனி.

அக்டோபருக்கு முன்: சோத்துப்பாறை அணைப் பக்கம் சாலையை விட்டு விலகாமல் அகமலை ரோட்டில் இரண்டு மணி நேரம் ஏறித் திரும்புவது. ரோடுதானே என்று நினைக்காதீர்கள், கால் பழக அதுவே போதும். கிளம்புமுன் அந்த ரோட்டுக்குக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில்: பதிவு செய்து, வழிகாட்டியோடு குரங்கணி–சாம்பலாறு.

வட்டக்கானல்–வெள்ளகவி அதற்கு அடுத்தது. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். 13ஆம் தேதி நான் சொன்னதற்கு நேர் எதிர். அதனால்தான் கடைசியில் வைக்கிறேன்.

வராகநதி, 15 செப்டம்பர்

கைலாசநாதர் மலை முடிந்தது. ஏற்றம் மூன்று சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம். இறக்கம் மூன்றாவது சுற்றில் முதல் சுற்றைவிட ஒன்பது நிமிடம் கூடுதல். எங்களில் ஒருவருக்கு மட்டும்தான், ஆனால் எல்லாரும் அவருக்காக நின்றோம்.

ஒற்றையடி, 15 செப்டம்பர்

நின்றது சரி. அந்த ஒருவர் எந்தப் பக்கம் முட்டி என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் என்றால் தொடைச் சதை; வாரம் மூன்று நாள் மாடிப்படி இறங்கினால் ஆறு வாரத்தில் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் என்றால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு ஜனவரிக்குப் பதிவு செய்யுங்கள். ஷூ யாருடையது, புதிதா?

வராகநதி, 15 செப்டம்பர்

தம்பியுடையதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாராம். ஒரு அளவு சின்னது.